ஓய்வையும் பட்டியலில் போட்டு டிக் அடிப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மாடிப்படி:
பழக்கங்களைக் கண்காணிக்கும் ஆப் ஒன்று என் ஃபோனில் இருக்கிறது. தியானம், நடை, தண்ணீர், வாசிப்பு, நாட்குறிப்பு என்று வரிசையாகக் கட்டங்கள். முடித்தால் பச்சை, விட்டால் சிவப்பு. போன மாதம் ஒரு ராத்திரி காய்ச்சலோடு சுருண்டு படுத்திருந்தேன். பதினொன்றரை மணிக்கு ஃபோன் அதிர்ந்தது: இன்றைய தியானம் பாக்கி. எழுந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, டைமர் முடிகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாதே என்ற ஒரே கவலைதான். தியானமாவது ஒன்றாவது!

மறுநாள் நடையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற கட்டங்களை அழித்தேன். நடந்தால் எனக்கு நிஜமாகவே தலை லேசாகிறது. மற்றவையெல்லாம் நல்லது என்று யாரோ சொல்லிச் சேர்த்தவை. வேலையும் ஓடவேண்டும், உடம்பும் மனசும் கெடக்கூடாது என்று நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அறிவுரை வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

வரிக்குவரி:
வீட்டிலிருந்து மொழிபெயர்க்கிறேன். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் இடைவேளை என்ற பொமொடோரோ முறையை ரொம்ப நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர், மாணவராக இருந்தபோது தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துத் தொடங்கிய முறை. பில் போடுவது, கோப்புகளை ஒழுங்கு செய்வது மாதிரி சலிப்பான வேலைக்கு அருமையாக உதவுகிறது. மொழிபெயர்ப்புக்குச் சரிவரவில்லை. ஒரு பத்தி பிடிபடவே இருபது நிமிடம் ஆகும், பிடிபட்டதும் மணி அடித்துவிடும்.

இன்னொரு சிக்கல் அந்த 5 நிமிடத்தில் இருந்தது. எழுந்திருக்காமல் மெயில் பார்ப்பேன். திரும்பி வந்தால் கண் பத்தியில் இருக்கும், மனசு மெயிலில் இருக்கும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். இப்போது இடைவேளையில் ஃபோனைத் தொடுவதில்லை.

ஆனால் பெரிய மாற்றம் டைமரால் வரவில்லை. ஒரு வாடிக்கையாளர் ராத்திரி பத்தரைக்கு மேல் “சின்னத் திருத்தம்தான்” என்று செய்தி அனுப்புவார். நானும் உடனே மடிக்கணினியைத் திறப்பேன். ஒருநாள் துணிந்து, ஏழு மணிக்கு மேல் வருவதற்குக் காலையில்தான் பதில் சொல்வேன் என்று எழுதினேன். ஆள் கைவிட்டுப் போய்விடுவார் என்றே நினைத்தேன். வந்த பதில்: “தாராளமாங்க. காலைல மறந்துடுவேன்னுதான் அப்பவே அனுப்பிடறேன். நீங்க உடனே செய்யறீங்கன்னே எனக்குத் தெரியாது.”

இரவுப்பணி:
நான் செவிலியர். ‘காலை ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும்’ என்று யாராவது ஆரம்பித்தால் சிரிப்புத்தான் வரும். ஐந்து மணிக்கு நான் விழித்துத்தான் இருக்கிறேன், வார்டில்! பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பார்கள். அது எந்த 7 மணி நேரம் என்பதில் எங்களுக்குச் சலுகை வேண்டும். ஜன்னலுக்குக் கெட்டியான திரை, பணியின் பின்பாதியில் காபி இல்லை, இரண்டே விதிகள். காபியில் இருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகிறது.

புதிதாகச் சேர்ந்தபோது பணி முடிந்தும் வார்டிலேயே சுற்றிக்கொண்டிருப்பேன். அந்த டிரிப்பை மாற்றினார்களா, இந்த நோயாளிக்கு மருந்து கொடுத்தார்களா என்று. மூத்த சிஸ்டர் ஒருவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: “எல்லாத்தையும் எழுதி ஒப்படைச்சாச்சுல்ல? அப்ப இது அவங்க வார்டு. கிளம்பு.” அதிலிருந்து வீட்டு வேலைக்கும் ஒரு ஒப்படைப்பு நோட்டு வைத்திருக்கிறேன். படுக்கும் முன் பாக்கி வேலைகளை எழுதிவிட்டு மூடிவிடுவேன். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2018இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். தூங்கும் முன் 5 நிமிடம், செய்யவேண்டியதை எழுதியவர்கள், முடித்ததை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்களாம்.

பகல்நிலா:
எல்லோரும் எழுதியதைப் படித்தேன். ஒன்று சொன்னால் கோபிக்காதீர்கள். இதெல்லாம் நேரம் தன் கையில் இருப்பவர்களுக்கு. படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரைப் பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து கணக்கு வேலை செய்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் தண்ணீர் கேட்டால், ஏழு மணிக்கு மேல் பதில் கிடையாது என்று சொல்லமுடியுமா?

‘உனக்கென்று நேரம் ஒதுக்கிக்கோ’ என்று சொன்னவர்களுக்குக் கணக்கே இல்லை. அதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு மருந்து கொடுக்கப் போய்விடுவேன். கொழுந்தனார் ஒருவர்தான் வேறு மாதிரிப் பேசினார். “அண்ணி, ஞாயித்துக்கிழமை காலைல வர்றேன், சாயங்காலம் வரைக்கும் அப்பாவை நான் பார்த்துக்கறேன். டயபர் மாத்தறது எப்படின்னு மட்டும் காட்டிடுங்க.” முதல் ஞாயிறு எங்கே போவதென்றே தெரியவில்லை. பூங்காவில் ஒரு பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஃபோனைக்கூட எடுக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்பதே விநோதமாக இருந்தது. என்னைக் கேட்டால், இது தனியாளாகச் சாதிக்கிற விஷயம் இல்லை. யாராவது ஒருவர் பாரத்தில் ஒரு பக்கத்தைப் பிடிக்கவேண்டும்.

கோப்புக்கட்டு:
பகல்நிலா சொல்வது அலுவலகத்துக்கும் பொருந்தும். எங்கள் குழுவில் இரண்டு பேர் வேலையை விட்டுப்போனார்கள், இடத்தை நிரப்பவில்லை. எல்லோரும் களைத்துப் போனதும் நிர்வாகம் மன அழுத்த மேலாண்மைப் பட்டறை வைத்தது. எப்போது? மாலை ஏழு மணிக்கு, வேலை நேரம் முடிந்த பிறகு. மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மேசைக்கடியில் மெயிலுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது: ‘பர்ன்அவுட்’ என்கிற முற்றிய வேலைக் களைப்பு, சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தால் வருவது, வேலை சார்ந்த நிலை, நோய் அல்ல. அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்கு இன்னும் உறைக்கும். வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் செய்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம். இதை மூச்சுப் பயிற்சியால் ஈடுகட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் செய்தது சின்ன விஷயம்தான். வெள்ளிக்கிழமைதோறும் அரைநாள் விழுங்கும் ஓர் அறிக்கை உண்டு. யார் இதைப் படிக்கிறார்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் அவருடைய மேலாளரிடம் கேட்டார். பதில் வரவில்லை. “சரி, யாராவது கேட்டால் அனுப்பலாம்” என்று நிறுத்திவிட்டோம். இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

மாடிப்படி:
அந்த அறிக்கை கதையை எங்கள் குழுவில் இப்போதுதான் பகிர்ந்தேன், ஏகப்பட்ட சிரிப்பு. இரவுப்பணி சிஸ்டர், அந்த நோட்டில் எப்படி எழுதுவீர்கள்? நான் எழுதினால் பட்டியல் நீண்டு தூக்கமே போய்விடுகிறது.

இரவுப்பணி:
விவரமாக எழுதுங்கள். ‘கரண்ட் பில்’ என்று மட்டும் எழுதினால் அது மண்டையில் ஓடும். ‘கரண்ட் பில், நாளை எழுந்ததும், ஃபோனில்’ என்று எழுதினால் ஓடாது. வார்டிலும் அப்படித்தான்: என்ன, எத்தனை மணிக்கு, யார். யார் என்ற இடத்தில் எப்போதும் என் பெயரே வந்தால், அந்தப் பக்கத்தை வீட்டுக்காரரிடம் நீட்டிவிடுவேன்.