மறு: ‘டெர்மினல் ஹீட்’ – ‘கடைப்பருவ வெப்பம்’ எனலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். பயிர் முற்றும் கடைசிப் பருவத்தில் தாக்கும் கடும் வெப்பத்தை ஆங்கிலத்தில் ‘டெர்மினல் ஹீட்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு ஒரு நண்பர் எழுதியது:

> ‘முனைய வெப்பம்’ என்றே வைத்துவிடலாமே. விமான முனையம் என்கிறோமே, அதே சொல்தானே?

முனையம் என்பது இடத்தைக் குறிக்கும் சொல் ஐயா. இங்கே நாம் பேசுவது காலத்தை, அதிலும் பயிரின் வயதை. அடுத்து வந்த ‘இறுதி வெப்பம்’ என்ற பரிந்துரையிலும் சிக்கல் உண்டு. இயற்பியல் பாடத்தில் தொடக்க வெப்பநிலை, இறுதி வெப்பநிலை என்று படித்த மாணவர் இதை வேறு மாதிரிதான் புரிந்துகொள்வார்.

சொல்லை முடிவு செய்யும் முன் 2022 மார்ச்சில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நடந்ததைப் பார்த்துவிடுவோம். நவம்பரில் விதைத்த கோதுமை பிப்ரவரி வாக்கில் பூத்து, மார்ச் முழுக்க மணியில் பால் பிடித்து முற்றும். ஏப்ரல் நடுவில் வரும் வைசாகித் திருநாளை ஒட்டி அறுவடை. அந்த மார்ச்சில் நாட்டின் சராசரிப் பகல் உச்ச வெப்பநிலை 33.1 டிகிரி. இந்திய வானிலை ஆய்வுத் துறையிடம் 1901 முதல் உள்ள கணக்கில் எந்த மார்ச்சும் அவ்வளவு சுட்டதில்லை. 30 டிகிரியைத் தாண்டினாலே மணிக்குள் மாவுச்சத்தைச் சேர்க்கும் நொதி மந்தமாகிவிடும், பயிரும் அவசரமாகப் பழுத்துவிடும். கதிர் இருக்கும், மணிகளின் எண்ணிக்கையும் பெரிதாகக் குறையாது, எடைதான் இருக்காது. கையில் அள்ளினால் ஒல்லியாக, தோல் சுருங்கி இருக்கும். நெல் அறுத்த பிறகு தாமதமாக விதைத்த வயல்களுக்கு அடி இன்னும் பலம், ஏனென்றால் அவற்றின் பால் பருவம் வெயிலுக்குள் தள்ளிப் போயிருந்தது.

பிப்ரவரியில் 11.1 கோடி டன் விளையும் என்று மதிப்பிட்ட ஒன்றிய அரசு, மே மாதம் அதை 10.5 கோடியாகக் குறைத்தது. உக்ரைன் போரால் உலகச் சந்தையில் விலை ஏறியிருந்த நேரம் அது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. கொள்முதலில் சுருங்கிய மணிக்கான வரம்பை 6 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகத் தளர்த்தினார்கள். அந்தத் தளர்வு வராமல் இருந்திருந்தால் எத்தனை விவசாயிகளின் மூட்டைகள் திரும்பியிருக்கும் என்று நினைத்தாலே கவலையாக இருக்கிறது.

ஆக, அதே சூடு ஜனவரியில் வந்திருந்தால் விளைவு வேறு. எந்தப் பருவத்தில் தாக்கியது என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர். அதனால் என் பரிந்துரை ‘கடைப்பருவ வெப்பம்’.

‘கடை’ என்றதும் மளிகைக் கடை நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் தனிமடலில் தயங்கினார். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொல்லும் விவசாயிக்கு அந்தக் குழப்பம் வராது.

இன்னொரு வசதி, இதிலிருந்து மற்ற சொற்கள் தானாகக் கிளைக்கும். நெல் பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் செத்து, மணியே பிடிக்காமல் பதராகிவிடும். அதைப் ‘பூப்பருவ வெப்பம்’ எனலாம். கோதுமையில் நடந்ததைப் பதர் என்று எழுதக் கூடாது, உள்ளே கொஞ்சமாவது மாவு இருக்கிறது. ‘சூம்பிய மணி’ பொருத்தமாக இருக்கும்.

எந்தப் பருவமானாலும் வெப்பத்தால் பயிர் படும் பாட்டைப் பொதுவாகக் குறிக்கும் ‘ஹீட் ஸ்ட்ரெஸ்’ என்பதற்கு ‘வெப்ப அழுத்தம்’ வேண்டாம், காற்றழுத்தத்தோடு குழம்பும். கால்நடைத் துறையில் ‘வெப்ப அயர்ச்சி’ ஏற்கெனவே புழங்குகிறது, அதையே பயிருக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “கடைப்பருவ வெப்பத்தைத் தாங்கும் கோதுமை ரகங்களை முன்கூட்டியே விதைத்தால் சூம்பிய மணிகள் குறையும்.” எனக்கு இடறவில்லை. வேளாண்மை படித்தவர்கள், வயலில் நிற்பவர்கள் இருவரும் சொல்லிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள். மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.