நானோ சொட்டு மருந்தால் மைனஸ் 5 பவர் குறையுமா? மதுரையில் எங்காவது கிடைக்கிறதா?

கேள்வி: தேவகோட்டைத் தகப்பன்

என் மகளுக்கு 19 வயது. காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறாள். ஏழாம் வகுப்பில் கண்ணாடி போட்டது, இப்போது வலக்கண்ணில் மைனஸ் 5, இடக்கண்ணில் மைனஸ் 4.5 என்று நிற்கிறது. லேசிக் எனும் லேசர் அறுவை சிகிச்சையைச் செய்துவிடலாம் என்று உறவினர்கள் சொல்கின்றனர். ஆனால் என் தாயாருக்குக் கண்ணில் லேசர் என்ற பேச்சே ஆகாது.

இந்நிலையில், இஸ்ரேலில் நானோ துகள்கள் கலந்த சொட்டு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள், இனி அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று ஒரு காணொளியைச் சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதே வாரம் எங்கள் தெருவுக்கு வந்த விற்பனையாளர் ஒருவர் ‘நானோ’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட புட்டியை 1,200 ரூபாய்க்குக் கொடுத்தார். 90 நாட்களுக்கு விட்டால் பவர் முழுவதும் இறங்கும் என்று சொல்லி, மீதிப் புட்டிகளுக்கு முன்பணமும் கேட்கிறார். புட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ‘கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் சோடியம் 0.5 விழுக்காடு’ என்று இருக்கிறது. மருந்தை விட்டவுடன் கொஞ்ச நேரம் எழுத்துத் தெளிவாகத் தெரிவதாக மகள் சொல்கிறாள். இதுதான் அந்த இஸ்ரேல் மருந்தா? இல்லையென்றால் அது மதுரையிலாவது கிடைக்குமா?

பதில் 1: காரைக்குடி கண் பரிசோதகர்

ஐயா, முன்பணம் கொடுக்க வேண்டாம். நீங்கள் படித்துச் சொன்ன அந்தப் பெயர், கண் உலர்ச்சிக்கு எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் செயற்கைக் கண்ணீரின் பெயர். கணினியையும் கைப்பேசியையும் நெடுநேரம் பார்ப்பவர்கள் இமைப்பது குறைந்து கண்ணீர்ப் படலம் ஆங்காங்கே அறுந்துபோவதால், பார்வை அவ்வப்போது மங்கும். சொட்டு விட்டதும் படலம் மறுபடி சீராகி எழுத்துத் தெளியும். உங்கள் மகள் உணர்ந்தது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். பவர் மைனஸ் 5-இலேயேதான் இருக்கும். ஐயமிருந்தால் எந்தக் கண்ணாடிக் கடையிலும் அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

இஸ்ரேல் ஆய்வு பொய்யன்று, ஆனால் காணொளி அதில் பாதியைத்தான் சொல்கிறது. பார் இலான் பல்கலைக்கழகமும் ஜெருசலேமின் ஷாரே செடெக் மருத்துவமனையும் சேர்ந்த குழு 2018-இல் அறிவித்த முறை அது. அதில் முதலில், மிகமிகக் குறுகிய துடிப்புகளாக ஒளி பாய்ச்சும் ஃபெம்டோசெகண்ட் லேசரைக் கொண்டு, கருவிழியின் (கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் ஒளிபுகும் படலத்தின்) மேற்புற அடுக்கில், அந்தக் கண்ணின் பவருக்கு ஏற்ற ஒரு வடிவத்தை மேலோட்டமாகப் பதிக்கிறார்கள். அதன் பிறகு விடும் சொட்டிலுள்ள நானோ துகள்கள் அந்தப் பதிவில் தங்கி, ஒளி வளையும் அளவை மாற்றுகின்றன. ஆகவே லேசர் இல்லாமல் வெறும் சொட்டு மட்டும் வேலை செய்யாது என்பதை உங்கள் தாயாருக்கும் சொல்லிவிடுங்கள். அன்று அறிவிக்கப்பட்ட முடிவுகளும் பன்றிகளின் கண்களில் கிடைத்தவையே. மதுரையில் மட்டுமன்று, எந்த ஊர்க் கண் மருத்துவமனையிலும் இது சிகிச்சையாக வழங்கப்படவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கருவிழியின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன் உடையது. அதன் மேலடுக்கோ அதில் பத்தில் ஒரு பங்குதான். லேசிக் இந்த மேலடுக்கைத் தாண்டி உள்ளே இருக்கும் திசுவைச் செதுக்குவதால் மாற்றம் நிலைக்கிறது. மேலடுக்கின் செல்களோ ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாட்களில் உதிர்ந்து புதிதாக வளர்பவை. அவற்றின்மீது எழுதியது எத்தனை நாள் நிற்கும்? இந்த முறையின் பாதுகாப்பும் இதுதான், பலவீனமும் இதுதான் என்பது என் கருத்து.

பதில் 2: கொட்டான் (ஓலைக் கூடை) பின்னுபவர், கானாடுகாத்தான்

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 50 வயது; தூரத்தில் எல்லாம் தெரிகிறது, ஆனால் சாயம் ஏற்றிய ஓலையின் ஓரம் எது, மடிப்பு எது என்று கண்ணாடி இல்லாமல் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. இந்த வெள்ளெழுத்துக்கு ஒரு சொட்டு வந்திருப்பதாகச் செய்தித்தாளில் படித்தேனே, அதுவும் ஏமாற்றுதானா?

பதில் 3: காரைக்குடி கண் பரிசோதகர்

இல்லை அக்கா, அது வேறு வகை, அதில் நானோ எதுவும் இல்லை. பைலோகார்பைன் என்ற பழைய மருந்து கண்மணியைச் சுருக்குகிறது. சிறு துளை வழியாகப் பார்த்தால் கிட்டத்துப் பொருள் தெளிவது போன்ற பலன் சில மணி நேரம் கிடைக்கும். அமெரிக்காவில் 2021-இல் இதற்கு ஒப்புதல் அளித்தார்கள். இந்தியாவில் 2024-இல் ஒரு தயாரிப்புக்கு அனுமதி கிடைத்து, அதை விளம்பரப்படுத்திய விதத்தால் அடுத்த மாதமே அந்த அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. சிலருக்குத் தலைவலி வரும். வெளிச்சம் குறைந்தால் பார்வை மங்கும். முற்றத்துப் பகல் வெளிச்சத்தில் பின்னும் உங்களுக்கு வாசிப்புக் கண்ணாடியே மலிவு, போதும்.

பதில் 4: ஓய்வுபெற்ற மின்வேதியியலாளர், கோட்டையூர்

லேசரும் இல்லாமல், கத்தியும் இல்லாமல் கருவிழியின் வடிவத்தையே மாற்றும் முயற்சி ஒன்று இருக்கிறது. மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் காரைக்குடிப் பக்கத்தவர்கள் என்பதால் நமக்கு இதில் தனி ஈடுபாடு வருவது இயல்பே. கலிஃபோர்னியாவில் பிரையன் வாங், மைக்கேல் ஹில் ஆகியோரின் குழு, பிளாட்டினத்தால் ஆன வில்லை ஒன்றைக் கண்ணின்மீது வைத்து, மிகக் குறைந்த மின்னழுத்தம் கொடுக்கிறது. நீர் பிரிந்து அவ்விடத்தில் அமிலத்தன்மை மாறுவதால், திசுவிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகளைப் பிணைத்திருக்கும் மின்கவர்ச்சி தளர்கிறது. தளர்ந்த கருவிழி ஈரச் சுண்ணாம்புப் பூச்சைப் போல வில்லையின் வளைவை ஏற்றுக்கொண்டு, அமிலத்தன்மை பழைய நிலைக்குத் திரும்பியதும் அந்த வளைவிலேயே இறுகுகிறது. ஏறக்குறைய ஒரு நிமிட வேலை. ஆனால் 2025 ஆகஸ்டில் அவர்கள் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் சொன்னது, தனியே எடுத்த 12 முயல் கண்களில் செய்த சோதனையைத்தான். உயிருள்ள முயலுக்கே இனிமேல்தான் செய்து பார்க்க வேண்டும் என்பதால், தங்கள் மகளின் படிப்பு முடிவதற்குள் இது வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பதில் 5: தேவகோட்டைத் தகப்பன்

அனைவருக்கும் நன்றி. விற்பனையாளரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இன்றைக்கே கிடைக்கிற, அறுவை இல்லாத வழி ஏதேனும் உண்டா?

பதில் 6: காரைக்குடி கண் பரிசோதகர்

கண்ணாடியும் காண்டாக்ட் லென்ஸும் நீங்கள் அறிந்தவை. இரவில் போட்டுக்கொண்டு உறங்கிக் காலையில் கழற்றும் கடின லென்ஸ் ஒன்று உண்டு. அது கருவிழியைச் சற்றே தட்டையாக்குவதால் பகலில் கண்ணாடி இன்றிப் பார்க்கலாம். போடுவதை நிறுத்தினால் பழைய பவர் திரும்பிவிடும். மைனஸ் 5 என்பது அதற்குச் சற்று உயர்ந்த அளவுதான், முடியாததன்று. ஆனால் குழாய் நீர் படாமல் கழுவிப் பராமரிக்கும் ஒழுங்கு இல்லாவிட்டால் கருவிழியில் கிருமித்தொற்று வந்து பார்வையையே கெடுக்கலாம்.

எந்த வழியை எடுத்தாலும் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கிட்டப்பார்வை பெரும்பாலும் விழிக்கோளம் நீண்டுபோவதால் வருவது. லேசிக்கோ, நாளை வரக்கூடிய நானோ சொட்டோ கருவிழியில்தான் வேலை செய்யும். நீண்ட கோளம் நீண்டபடியே இருக்கும், இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியே இருக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போன்றோ, திடீரென்று கரும்புள்ளிகள் நிறைய மிதப்பது போன்றோ மகள் சொன்னால், அன்றைக்கே மதுரைக்குப் புறப்பட்டுவிடுங்கள்.