புதுப்பிப்பு: டிகிரி இல்லாமல் குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டிருந்தேனே

பிளஸ் டூவோடு நிறுத்தியவன், மோட்டார் வைண்டிங்கை (எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் வேலை) நம்பிக் கல்யாணம் செய்யலாமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். சரி, கல்யாணம் முடிந்தது. மதுரை சிம்மக்கல் பக்கம் சொந்தப் பட்டறையும் போட்டாச்சு.

மேலூர், உசிலம்பட்டியிலிருந்து எரிந்துபோன போர்வெல் மோட்டார்கள் வருகின்றன. பழைய காயிலை (கம்பிச் சுருளை) வெட்டியதும் சுற்றுகளை எண்ணி, கம்பியின் கேஜ் (தடிமன்) பார்த்து நோட்டில் குறிப்பேன். தண்ணீருக்குள் ஓடும் மோட்டாருக்கு பாலி வயர் (பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி); தரைக்கு மேலே ஓடுவதற்கு எனாமல் வயர் (எனாமல் பூசிய கம்பி), அப்புறம் வார்னிஷ். கோடையில் தூக்கமில்லை. ஐப்பசி மழை பிடித்தால் ஈ ஓட்டணும். அப்போது மனைவியின் தையல்தான் வாடகை கட்டுகிறது (மாமனாருக்குத் தெரியாது).

கடன் பற்றிக் கேட்டவர்களுக்கு: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், சேவைத் தொழிலுக்கான திட்ட மதிப்பு 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் எட்டாம் வகுப்புகூடக் கட்டாயமில்லை. ஆதாரும் திட்ட அறிக்கையுமாக மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.