எழுத்து வெட்டிய பாத்திரமும் கதைக்குள் ஒரு நகரமும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்குக் கதை தேடிப் போகும்போது நான் அழகான பொருளை நாடுவதில்லை. யாருடைய உரிமையாவது பதிந்திருக்கும் பொருளையே பார்க்கிறேன். அப்படிக் கிடைத்ததுதான், விளிம்பில் மூன்று முதலெழுத்துகள் வெட்டப்பட்ட ஒரு பித்தளைத் தூக்குவாளி. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் திருமணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைப்பதும், பாத்திரங்களில் குடும்பத்தின் விலாச எழுத்துகளை வெட்டுவதும் வழக்கம். எழுத்து இருந்தால் விலை கூடுமா அண்ணே என்று கடைக்காரரிடம் கேட்டேன். வெளியூர்க்காரர்கள் கூடுதலாகக் கொடுத்து வாங்குவார்கள், உள்ளூரில் சிலர் அடுத்த வீட்டு எழுத்தைத் தம் அடுப்படியில் வைக்கத் தயங்குவார்கள் என்றார்.

அந்தத் தயக்கமே என் கதையில் வரும் கற்பனைத் துறைமுக நகரத்தின் முதல் சட்டமாயிற்று. அங்கே எழுத்துள்ள பாத்திரத்தைக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. ஆகவே நொடித்துப்போன வீடுகளின் எழுத்துகளை இரவில் அராவி அழிக்கும் ஒரு கூட்டம் உருவாயிற்று. அவர்களுக்குக் கூலி தருபவர் யார் என்று யோசிக்கப் போய் வட்டிக்கடைகளும், அவற்றை நடத்த மூன்றாண்டுத் தவணையில் கடல் கடக்கும் ஆண்களும், சாவிக்கொத்தோடு ஊரில் தங்கி வீட்டை ஆளும் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன, அதாவது கடல் கடந்து தொழில் நடத்தப் போன, நகரத்தார் முகவர்களின் தவணை முறைதான் இதற்கு ஆதாரம். நகரத்தின் வீழ்ச்சிக்கு, ஜப்பானியப் படை முன்னேறிய 1942இல் பலர் கடைகளை விட்டுவிட்டு ஊர் திரும்பியதை எடுத்துக்கொண்டேன். (செட்டிநாட்டு வீடுகளின் பெல்ஜியம் கண்ணாடியும் தேக்குத் தூண்களும், எத்தனை முறை பார்த்தும், எனக்கு ஒரு வரிகூடத் தந்ததில்லை.)

*

உங்கள் கட்டுரையைப் படித்தேன், ஐயா; நானும் கற்பனை நாடுகளை வைத்துக் கதை எழுதுகிறேன். தேக்குத் தூண் பற்றி எனக்கும் அதே எண்ணம்தான். செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் தரைக்கல்லின் பூவேலையை வைத்து அரண்மனைகளை வருணிப்பவர்களும் பலர் இருக்கிறார்கள். எனக்கு உதவியதோ அது வார்க்கப்படும் முறை. கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை முதலில் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு மூடிவிடுகிறார்கள். கல் இறுகி, நீரில் ஊறி, கண்ணாடி விலகிய பின்பே அதன் முகம் வெளியே தெரிகிறது.

நான் எழுதும் மலைநாட்டில் நீதிபதிகள் தீர்ப்பை இவ்வாறே வார்க்கிறார்கள். வார்த்த பிறகு அவர்களாலும் அதை மாற்ற முடியாது, குற்றம் சாட்டப்பட்டவராலும் படிக்க முடியாது. கல் தொட்டியில் கிடக்கும் நாட்களில் பேரம் பேசலாம், சாட்சியைக் கலைக்க வீணாக அலையலாம், இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடலாம். நாவலின் பெரும்பகுதி அந்த நாட்களிலேயே நடக்கிறது.