அந்த ராலே எந்த வருஷம்? (வீட்டு வாட்ஸ்அப் குழு)

ரகு: [படம்] [படம்]
சித்தப்பா, ராடு பிரேக் வெச்ச பழைய ராலே சைக்கிள் ஒண்ணு. ஹேண்டில்பாருக்குக் கீழ தலைக்குழாயில நாரை பேட்ஜ், நாட்டிங்காம்னு எழுத்து. "1925 மாடல்"னு சீட்டு கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. நம்பலாமா?

சித்தப்பா: சீட்டை விடு. பேட்ஜையும் இப்போதைக்கு விடு. ரெண்டு ரிவெட் அடிச்சா எந்த சைக்கிளும் ராலே ஆயிடும். ராடு பிரேக்கும் சாட்சி இல்ல, அது பல பத்தாண்டு அப்படியே வந்துட்டிருந்தது. பின் சக்கர ஹப்பை, அதாவது நடு உருளையை, கிட்டப் போய்ப் படம் எடுத்து அனுப்பு. அதைச் செஞ்ச வருஷமும் மாசமும் அதுல அடிச்சிருக்கும்.

செல்வி அக்கா: அதுக்கு முன்னாடி முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஃபோர்க்கோட தோள்பட்டையைப் பாரு ரகு. ரெண்டு பக்கமும் குழாய் மாதிரி உருண்டு முடியுதா?

ரகு: ஆமாக்கா, உருண்டைதான்.

செல்வி அக்கா: அப்ப ராலே வேலைதான், பேட்ஜ் பொய் சொல்லல போல. ஃபோர்க்கோட ஒவ்வொரு காலும் ரெட்டைக் குழாயா இருந்தா ஹம்பர் கம்பெனி சைக்கிள்னு சொல்லியிருப்பேன். 1932-லயே ஹம்பரை ராலே வாங்கிட்டதால ரெண்டையும் குழப்பிக்கிறவங்க நிறைய.

ரகு: ஹப் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, எழுத்தே தெரியல. கம்பி பிரஷ் போடட்டுமா?

சித்தப்பா: டேய் வேண்டாம்! எழுத்து ஆழமா இருக்காது, பிரஷ் போட்டா பிசுக்கோட அதுவும் போயிடும். துணியை மண்ணெண்ணெயில நனைச்சு ஹப்பைச் சுத்திக் கட்டி 10 நிமிஷம் விடு. அப்புறம் ஒரு துணி நாடாவை ஸ்போக்ஸ் நடுவுல விட்டு ரெண்டு முனையையும் மாத்தி மாத்தி இழு. சுத்தமானதும் சாக்பீஸைத் தேச்சு விரலால துடை. பள்ளத்துல மட்டும் வெள்ளை நிக்கும். டார்ச்சை நேரா அடிக்காதே, பக்கவாட்டுல அடி.

செல்வி அக்கா: மண்ணெண்ணெய் ஹப்போட நிக்கட்டும். ஃபிரேம்ல இருக்கற தங்கக் கோட்டுலயும் எழுத்துலயும் பெட்ரோல், தின்னர் எதுவும் படக்கூடாது. கரைஞ்சா திரும்ப வராது.

ரகு: [படம்]
வந்துருச்சு! ஸ்டர்மி ஆர்ச்சர், ஏ.டபிள்யூ. ஒரு பக்கம் 52, இன்னொரு பக்கம் 11. இது 1911-ஆ இருக்குமோ?

சித்தப்பா: மாசம் 12-ஐத் தாண்டாதுல்ல? அப்ப 52-தான் வருஷம். 1952 நவம்பர். ஏ.டபிள்யூ. மூணு கியர் ஹப்பே 1936-லதான் வந்தது. சீட்டுல இருக்கற 1925 அதோட காலி. ஒரே இலக்கம் மட்டும் இருந்திருந்தா எந்தப் பத்தாண்டுன்னு மத்த பாகத்தை வெச்சுத்தான் சொல்ல முடியும். உனக்கு அந்தத் தொல்லை இல்ல.

செல்வி அக்கா: ஆனா அது ஹப்போட தேதி, சைக்கிளோடது இல்ல. சக்கரத்தை யாராவது மாத்தியிருந்தா? முன்னாடி 32 ஸ்போக்ஸ், பின்னாடி 40 இருக்கணும், எண்ணு. ரெண்டு ரிம்மும் ஒரே வடிவமா, துருவும் ஒரே அளவான்னு பாரு. அப்புறம் கியர் கேபிளைப் பிடிச்சிருக்கற கிளிப் ஒண்ணைக் கழட்டி அடியில இருக்கற பெயிண்டைப் பாரு.

ரகு: 32, 40 சரி. ரிம் ரெண்டும் ஒண்ணுதான். கிளிப்புக்கு அடியில பெயிண்ட் கறுகறுன்னு பளபளப்பா இருக்கு, பக்கத்துல எல்லாம் மங்கிக் கிடக்கு.

செல்வி அக்கா: அப்ப கிளிப் ரொம்ப காலமா அங்கயேதான் இருக்கு. கியரை அப்புறமா சேர்த்த மாதிரி தெரியல.

ரகு: ஒரு சந்தேகம். ஹேண்டில்பார் பிடிக்கிற இடத்துல லேசா மஞ்சளா மின்னுது. நிக்கல் பூச்சுன்னா இன்னும் பழசுதானே?

சித்தப்பா: நல்ல கேள்வி. குரோம் பூசறதுக்கு முன்னாடி அடியில நிக்கல் பூசுவாங்க. கை பட்டுப் பட்டு குரோம் தேஞ்சா அந்த மஞ்சள் எட்டிப் பாக்கும். கை படாத இடமா பாரு, ஹேண்டில்பாரைத் தாங்கற ஸ்டெம் பக்கத்துல. நீலம் கலந்த வெள்ளையா?

ரகு: ஆமா, நீலம்தான்.

சித்தப்பா: குரோம்தான். பூச்சு முழுக்க மஞ்சளா, கை படாத இடத்துலயும் அப்படியே இருந்தா மட்டும் 1920-கள் பத்தி யோசிக்கலாம்.

செல்வி அக்கா: செயின் வீல் படத்துல என்ன அது, மூணு துப்பாக்கியா?

ரகு: ஆமாக்கா.

சித்தப்பா: அது பி.எஸ்.ஏ.ங்கற வேற கம்பெனியோட சின்னம். பி.எஸ்.ஏ. சைக்கிள் பிரிவு ராலே கைக்கு வந்தது 1957-ல. 1952 ராலேல நாரைத் தலைதான் இருக்கணும். யாரோ செயின் வீலோட சேர்ந்த வலது கிராங்க்கை (பெடல் தண்டை) மாத்தியிருக்காங்க. கிராங்க்கை அச்சோட இறுக்கற காட்டர் பின்னை அரம் போட்டுத் தேச்சிருக்கா பாரு.

ரகு: ஒரு பக்கம் மட்டும் கோணலா அரம் போட்ட தடம் இருக்கு 😄

சித்தப்பா: அதேதான். நாரை கிராங்க் கிடைச்சா மாத்திக்கலாம். ஆனா பெடல் அச்சைத் தாங்கி ஃபிரேம்ல திருகியிருக்கற பாட்டம் பிராக்கெட் கப்பைத் தொடாதே. ராலேக்கு அங்குலத்துக்கு 26 மரை, மத்த இங்கிலீஷ் சைக்கிளுக்கு 24. 24 கப் ஒரு சுத்து உள்ள போய் இறுகும். அதுக்கு மேல ஸ்பேனர் போட்டா ஃபிரேம் மரை போச்சு.

ரகு: உக்கார்ற சீட் பிரூக்ஸ் கம்பெனியோடது, தோல்.

செல்வி அக்கா: சீட், டயர், பெடல் எல்லாம் தேஞ்சு மாத்தற சாமான். அதை வெச்சு வருஷம் சொல்லாதே.

ரகு: ஃபிரேம் நம்பர்ல ஒரு இலக்கம் 1-ஆ 7-ஆன்னு புரியல.

சித்தப்பா: சுரண்டாதே. மெல்லிய தாளை மேல வெச்சு பென்சிலைப் படுக்கவெச்சுத் தேய், அதைப் படம் எடுத்து அனுப்பு. சீட்டுல "1952 கடைசி அல்லது 1953, செயின் வீல் மாத்தினது"ன்னு எழுதச் சொல்லு.