மெடிக்கல் ஸ்கூலுக்கு முன் போஸ்ட்பேக்: புரோகிராமில் சேர்வதா, நாமே பாடம் எடுப்பதா?

கடல்நாரை:
வணக்கம். அமெரிக்காவில் உளவியலில் இளங்கலை முடித்திருக்கிறேன். 120 கிரெடிட், ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) 3.1. அதில் அறிவியலும் கணிதமும் 40 கிரெடிட், அவற்றின் சராசரி 2.9. மெடிக்கல் ஸ்கூல் சேர்க்கைக்கு வேண்டிய ப்ரீமெட் பாடங்களில் பயோகெமிஸ்ட்ரி மட்டும் பாக்கி. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 2-இல் சி பிளஸ். மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட் இன்னும் எழுதவில்லை. ஒரு வருட போஸ்ட்பேக் (பட்டத்துக்குப் பின் எடுக்கும் இளங்கலைப் பாடங்கள்) புரோகிராமில் சேரலாமா, அல்லது அருகிலுள்ள மாநிலப் பல்கலையில் நானே பாடங்களைத் தேர்ந்து எடுக்கலாமா? தேர்வுக் குழுக்கள் எதை உயர்வாகப் பார்க்கும்? ஆர்கானிக்கைத் திரும்ப எடுக்க வேண்டுமா?

வடவரை:
முதலில் கணக்கைப் போடுங்கள். 120 கிரெடிட்டுக்கு 3.1 என்றால் கையில் 372 புள்ளி. இன்னும் 30 கிரெடிட் எடுத்து அத்தனையிலும் ஏ வாங்கினால் 120 புள்ளி கூடும். 492-ஐ 150-ஆல் வகுத்தால் 3.28. அதே 30 கிரெடிட்டில் சராசரி 3.5 என்றால் 3.18-தான் வரும். பி கிரேடு வாங்கப் போகும் பாடத்தை எடுக்காமலிருப்பதே மேல் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். அறிவியல் கணக்கில் மாற்றம் பெரிது: 40 கிரெடிட்டுக்கு 116 புள்ளி இருக்கிறது, அதோடு 120 சேர்ந்தால் 70 கிரெடிட்டுக்கு 3.37. ஆகவே அந்த முப்பதும் அறிவியலாகவே இருக்கட்டும்.

இந்தக் கணக்கில் புரோகிராமா, சொந்தத் தேர்வா என்ற பேதமே கிடையாது. பட்டத்துக்குப் பிறகு எடுக்கும் இளங்கலை நிலைப் பாடம் எதுவானாலும், எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவையான ஆம்காஸ் அதைப் போஸ்ட்பேக் என்று தனி வரியில் காட்டும், மொத்த இளங்கலை ஜி.பி.ஏ.விலும் சேர்க்கும். தேர்வுக் குழுவின் கண் போகும் இடம் அந்தத் தனி வரி. அங்கே 3.9, 4.0 என்று நின்றால் பழைய 2.9-ஐ அவர்கள் வேறு விதமாக வாசிப்பார்கள்.

ஆர்கானிக் 2-ஐத் திரும்ப எடுக்க வேண்டாம். ஆம்காஸில் பழைய கிரேடும் புதிய கிரேடும் இரண்டுமே கணக்கில் வரும். டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான விண்ணப்பச் சேவையான ஆகோமாஸில் முன்பு புதியது பழையதை மாற்றிவிடும்; 2017-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். சி மைனஸ் என்றால் பேச்சு வேறு, பல கல்லூரிகள் அதை ஏற்பதில்லை. சி பிளஸ்ஸுக்குப் பயோகெமிஸ்ட்ரியில் வாங்கும் ஏ-தான் சரியான பதில்.

மழைக்காலம்:
வடவரை சொன்னதோடு ஒண்ணு சேர்த்துக்கோங்க. பிரின் மார், கவுச்சர், ஸ்கிரிப்ஸ் மாதிரி பேர்பெற்ற புரோகிராம்கள் அறிவியல் பாடமே படிக்காம துறை மாறி வர்றவங்களுக்கானவை. உங்களை மாதிரி ப்ரீமெட் பாடங்களை ஏறக்குறைய முடிச்சவங்களை அங்கே எடுக்க மாட்டாங்க. அதனால விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் புரோகிராம் துறை மாறுறவங்களுக்கா, கிரேடை உயர்த்திக்கிறவங்களுக்கான்னு பாருங்க. அமெரிக்க மெடிக்கல் காலேஜ்கள் சங்கமான ஏ.ஏ.எம்.சி. தளத்துல போஸ்ட்பேக் பட்டியலை அப்படியே வகை பிரிச்சுத் தேடலாம்.

புரோகிராமுக்குக் கொடுக்கிற பணத்துக்கு என்ன கிடைக்குது? முக்கியமா மூணு. லேப் பாடத்துல இடம், கமிட்டி லெட்டர் (கல்லூரிக் குழு சேர்ந்து எழுதற பரிந்துரைக் கடிதம்), சில இடங்கள்ல லிங்கேஜ். தனியா நான்-டிகிரி (பட்டத்துக்காகச் சேராத) மாணவரா பதிஞ்சா பெரும்பாலான பல்கலைகள்ல ரெஜிஸ்ட்ரேஷன் மத்தவங்களுக்கு அப்புறம் கடைசியாத்தான் திறக்கும். அதுக்குள்ள லேப் செக்‌ஷன் நிரம்பிடும். இதுக்கு ஒரு வழி, இரண்டாவது இளங்கலைப் பட்டத்துக்கான மாணவரா சேர்றது. வரிசையில முன்னாடி வருவீங்க, பட்டத்தை முடிச்சே ஆகணும்ங்கற கட்டாயமும் இல்லை.

லிங்கேஜ்னா புரோகிராம் படிக்கும்போதே ஒரு குறிப்பிட்ட மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிச்சு, காத்திருக்கிற ஒரு வருஷத்தை மிச்சம் பண்றது. ஆனா கிரேடு வரம்பு இருக்கும், பெரும்பாலும் அந்த ஒரே ஸ்கூலுக்குத்தான் கட்டுப்படணும். 3.1-ஓட அதை நம்பித் திட்டம் போடாதீங்க.

கமிட்டி லெட்டர் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. சில கமிட்டிகள் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. இல்லாதவங்களுக்கு லெட்டரே தர்றதில்லை. சேர்றதுக்கு முன்னாடி அதை எழுத்துல கேட்டு வாங்குங்க. அது வராதுன்னா அவ்வளவு பணம் கட்டிச் சேர்றதுல அர்த்தமே இல்லை.

கடல்நாரை:
இருவருக்கும் மிக்க நன்றி. கடன் கிடைக்குமா? எஸ்.எம்.பி. (ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் புரோகிராம்) என்கிற முதுகலைப் படிப்பையும் ஒருவர் பரிந்துரைக்கிறார்.

நெய்தல்:
கடன்: மேல்படிப்புச் சேர்க்கைக்குத் தேவையான முன்பாடங்களுக்கு மத்திய அரசுக் கடன் உண்டு, தொடர்ச்சியான 12 மாதங்களுக்கு மட்டும், குறைந்தது பாதி நேர மாணவராக இருக்க வேண்டும். ஜி.பி.ஏ.வை உயர்த்துவதற்காக மட்டுமே எடுக்கும் பாடங்கள் இதில் அடங்கா. உங்களுக்குப் பயோகெமிஸ்ட்ரி தாண்டி மீதியெல்லாம் அந்த வகைதான். இரண்டாவது இளங்கலையாகப் பதிந்தால் இளங்கலைக் கடன் வரம்பில் மிச்சமிருப்பதைக் கேட்கலாம். மத்திய அரசின் பெல் உதவித்தொகை ஏற்கெனவே பட்டம் பெற்றவருக்குக் கிடையாது.

எஸ்.எம்.பி.யை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஜார்ஜ்டவுனிலும் பாஸ்டன் பல்கலையிலும் இருப்பவை போன்ற படிப்புகளில் மெடிக்கல் ஸ்கூல் தரத்துப் பாடங்கள் இருக்கும். அந்த கிரேடுகள் கிராஜுவேட் கணக்கில் போய் உட்காரும், இளங்கலை 3.1 நூலிழைகூட அசையாது. நன்றாகச் செய்தால் வலுவான சான்றுதான். ஆனால் அங்கே சராசரியாகச் செய்தால், மெடிக்கல் ஸ்கூல் பாடம் இவரால் முடியவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும், அதற்கப்புறம் திருத்த இடமில்லை. இளங்கலைக் கணக்கைத் தூக்கி நிறுத்தி, எம்கேட்டும் எழுதி, அதன் பிறகும் தேவைப்பட்டால் போகலாம்.

வடவரை:
அப்படியென்றால் மாநிலப் பல்கலையில் நீங்களே எடுப்பதுதான் உங்களுக்குப் பொருந்தும். முதல் செமஸ்டரில் பயோகெமிஸ்ட்ரி, உடலியல், இன்னொரு எளிய அறிவியல் பாடம் என்று 10 கிரெடிட்டோடு நிறுத்துங்கள். வேலையையும் வைத்துக்கொண்டு 16 கிரெடிட் எடுப்பவர்கள்தான் நடுவில் ஒரு பாடத்தைக் கைவிட நேர்கிறது. அப்போது விழும் டபிள்யூ (பாடத்தைக் கைவிட்டதற்கான குறி) ஜி.பி.ஏ.வைத் தொடாது, டிரான்ஸ்கிரிப்டில் மட்டும் நிற்கும். பழைய கிரேடுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது உறுத்தும். அடுத்தடுத்து மரபியல், செல் உயிரியல், நோய் எதிர்ப்பியல். இவையெல்லாம் நான்காண்டுக் கல்லூரியின் மேல்நிலைப் பாடங்களாக இருக்கட்டும். கம்யூனிட்டி காலேஜ் கிரேடு செல்லும்தான், ஆனால் கிரேடை மீட்கும் இந்தக் கட்டத்தில் அதன் எடை குறைவு.

எம்கேட்டைப் பயோகெமிஸ்ட்ரி முடித்த பிறகே எழுதுங்கள். உயிரியல் பகுதியில் ஏறக்குறைய கால்வாசி அதுதான். மதிப்பெண் வர ஒரு மாதம் ஆகும்.

விண்ணப்பத்தை எந்த ஆண்டு அனுப்புவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆம்காஸ் மே மாதம் திறக்கும். அனுப்பிய பிறகு வரும் கிரேடு அதன் ஜி.பி.ஏ. கணக்கில் ஏறாது. முப்பது கிரெடிட்டும் டிரான்ஸ்கிரிப்டில் வந்த பிறகு அனுப்புங்கள். பாதியில் அனுப்பினால் மேலே போட்ட கணக்கு எதுவும் உங்களுக்கு உதவாது.

மழைக்காலம்:
பரிந்துரைக் கடிதம் பற்றிக் கடைசியா. கமிட்டி இல்லாதப்போ பல ஸ்கூல்கள் அறிவியல் ஆசிரியர் இரண்டு பேர், அறிவியல் அல்லாத ஒருத்தர்னு கேட்கும். நூத்துக்கணக்கான பேர் உட்கார்ற வகுப்புல பேராசிரியருக்கு உங்க முகமே தெரியாது. அதனால முதல் வாரத்துலேர்ந்தே ஆபீஸ் ஹவருக்குப் போங்க, செமஸ்டர் முடியறதுக்குள்ளயே கேட்டுடுங்க. ஆம்காஸ்ல ஒவ்வொரு கடிதத்துக்கும் தனி ஐ.டி. உருவாகும், அந்த ஐ.டி. இருக்கிற தாளையும் உங்க டிரான்ஸ்கிரிப்டையும் சேர்த்துக் கொடுத்தா அவங்களே நேரா ஏத்திடுவாங்க. விண்ணப்பம் திறக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தா, கடிதங்களைச் சேமிச்சு வைக்கிற இன்டர்ஃபோலியோ தளத்துல போட்டு வைக்கச் சொல்லுங்க.