யூடியூப் பின் எண் தபாலில் வரவில்லை, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடியில் இருக்கிறேன். அம்மா சமைப்பதை, மைலோ டின்னில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் படம் பிடித்துப் போட்டு வருகிறேன். வேலை போன பிறகு இதைத்தான் நம்பியிருக்கிறோம்.

யூடியூப்பில் விளம்பர வருமானம் கிடைக்கத் தேவையான 1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை, இரண்டையும் தீபாவளிக்குப் பிறகு தாண்டிவிட்டோம். அம்மாவின் மீன் தலைக் கறிதான் தூக்கிவிட்டது. எண்ணெயில் வெந்தயம் பொரியும் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்பப் பார்த்ததாகப் பலர் எழுதினார்கள்.

சிக்கல் இதுதான். வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியை உறுதிசெய்ய கூகுள் தபாலில் பின் எண் அனுப்புகிறது. இரண்டு முறை கேட்டும் வரவில்லை. எங்கள் பிளாக்கில் தபால் பெட்டிகளுக்குப் பூட்டே கிடையாது, பாதிக் கடிதம் தரையில்தான் கிடக்கும். நான்கு மாதத்துக்குள் எண்ணைப் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். எனக்கு மிச்சம் ஐந்து வாரம். மூன்றாவது முறை அக்கா வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா? மைகாட் (மலேசிய அடையாள அட்டை) காட்டி உறுதிசெய்தவர்கள் இருக்கிறீர்களா?

கூகுள் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பிவிட்டேன். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலும் 24 விழுக்காடு வரை பிடிப்பார்களாம், புதியவர்கள் மறக்காதீர்கள். இங்கே வருமான வரி வாரியமான எல்எச்டிஎன்னுக்கு பாரம் பி (பி படிவம்) தானே? எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) தொழிலைப் பதிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓர் உணவகம் எங்களிடம் காணொளி வாங்கிக்கொண்டு, காசு தராமல் சாப்பாட்டோடு அனுப்பிவிட்டது. அம்மாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நீங்கள் முன்பணமாக எத்தனை வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறீர்கள்?